உறையாத ரத்தம்

கோபன்ஹேகன்
11 ஜனவரி 1937

அன்புத் தங்கை கெர்டாவுக்கு,

அக்கா தோரா எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? இங்கே துறைமுகத்தில் பனிக்கட்டி மிதக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் தீவுக்கு வரும் தபால் படகு நிற்பதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு என்று மூன்று முறை எழுதிவிட்டேன். உன் கணவர் விகோவைத் தனியே விட்டு வர மாட்டேன் என்கிறாய். சரி, இனி வற்புறுத்தவில்லை. ஆனால் இந்தப் பொட்டலத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிடாதே.

பஞ்சு சுற்றிய குப்பியில் பச்சையாக ஒரு எண்ணெய் இருக்கும். மாட்டுக்குப் போடும் குதிரைமசால் இலையிலிருந்து நானே எடுத்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. மூன்று வருடமாக என் வேலை இதுதான். கொழுப்பு நீக்கிய தீனியைத் தின்ற கோழிக் குஞ்சுகளுக்கு இறக்கைக்கு அடியில் ரத்தம் கட்டுகிறது. சின்னக் கீறல் போதும், வடிந்துகொண்டே இருந்து செத்துப்போகின்றன. அந்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வைத்தால், நான் மதியம் சாப்பிட்டுத் திரும்பிய பிறகும் தண்ணீராகவே இருக்கும். இந்த எண்ணெயைக் கொடுத்தால் உறைகிறது.

எங்கள் பேராசிரியர், “கோழி வேற, மனுசக் குழந்தை வேற. ஏதாவது ஆச்சுன்னா நம்ம ஆய்வுக்கூடத்தையே இழுத்து மூடிடுவாங்க. இன்னும் ரெண்டு வருஷம் பொறு கோழிக்காரம்மா” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்தக் குழந்தைக்கும் இதைக் கொடுத்துப் பார்த்ததில்லை. பத்து நாள் நானே குடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான் என் கையில் இருக்கும் சாட்சி.

உன் மகன் ஐனர் தொப்புளில் ரத்தம் வடிந்து, பிறந்த நான்காம் நாளே போனானே, அன்று அவன் துணியை அலசியது நான்தான். அதற்கு முந்தின வாரம்தான் என் குஞ்சுகளிடம் அதே ரத்தத்தைப் பார்த்திருந்தேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கோழியைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

குழந்தை பிறந்த அன்றே ஆறு சொட்டு நாக்கில் விடு. விகோவிடமும் சொல்லி வை. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
தோரா

லேசோ தீவு
2 மார்ச் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

கெர்டா எழுதிக்கொண்டது. நாலு வாரமாகப் படகு இல்லை. நேற்றுதான் பனி உடைந்தது.

பிப்ரவரி மூன்றாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் க்ராக் உன் குப்பியை முகர்ந்து பார்த்து, “கோழித்தீனிய என் கண்ணெதிர்ல பச்சப்புள்ள வாயில ஊத்துவீங்களா?” என்று கத்தி, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் தடுக்கவில்லை. எனக்கும் பயம்.

மூன்றாம் நாள் காலை தொப்புள் கட்டு நனைந்திருந்தது. மாற்றினோம். அதுவும் நனைந்தது. விகோ டாக்டர் வீட்டுக்குப் பனியில் நடந்தார். திரும்பியபோது கையில் குப்பி இருந்தது, உதடு கிழிந்திருந்தது. என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை.

குப்பி தீரும்வரை சொட்டுச் சொட்டாக விட்டோம். அன்று முழுக்க ரத்தம் நிற்கவில்லை. குழந்தை மெழுகாக வெளுத்து, அழுகையும் ஓய்ந்துவிட்டது. பாதிரியாருக்கு ஆள் அனுப்பினோம். மறுநாள் மதியம் கட்டைப் பிரித்தேன். துணி காய்ந்திருந்தது.

இப்போது பால் குடிக்கிறாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “தானா நின்னிருக்கு” என்று குறிப்பு எழுதிக்கொண்டார். உன் பெயரை வைக்கலாம் என்றார் விகோ. நான் ஒப்பவில்லை. இவளை மடியில் வைத்துக்கொண்டுதான் உன் கடிதத்தை மறுபடி மறுபடி படிக்கிறேன். ஐனரைப் பற்றிய அந்த ஒரு பத்தியைத் தாண்ட முடியவில்லை. அதைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பக்கத்து வீட்டு சிட்செலுக்கு ஏப்ரலில் பிரசவம். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இப்படித்தான் போயின. குப்பியில் மிச்சமில்லை. அவளுக்கு ஒன்று அனுப்பு அக்கா. பேராசிரியரைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. இந்தத் தடவை காத்திருக்காதே.

உன் தங்கை,
கெர்டா