அப்பா கொண்டுவந்த சிவப்பு ஒயின்

ஆம்பூர், ஈஸ்டர் ஞாயிறு, இரவு.

என் கல்யாணத்துக்கு வராத அப்பா இன்று புதுச்சேரியிலிருந்து வந்தார். கையில் ஒரு பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் புட்டி. "விலை கம்மிதான், ஆனா நல்ல சரக்கும்மா" என்றார். ரயில் சூட்டில் புட்டி கொதித்தது. ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாட்டோடு ஊற்றிக் கொடுத்தேன். இரும்பை நக்கியதுபோல் இருந்தது. அப்பா முகத்தைச் சுளித்தார். ராத்திரிக்கென்று வைத்திருந்த ஆட்டுக்கறி மிளகு வறுவலைச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். கறியை மென்றுவிட்டு ஒரு மிடறு குடித்தால் துவர்ப்பு அடங்கி நாவல்பழ ருசி வந்தது.

அதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர் சட்டென்று சொன்னார்: "இன்னா மாமா இது, எங்க தோல் ஷாப்புல பதம்பண்ணத் தோல் ஊறப்போடற ஆவாரம்பட்டைத் தண்ணி மாதிரியே துவர்க்குது!"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தத் தோல் வேலையைச் சொல்லித்தான் அப்பா இவரை வேண்டாம் என்றார்.

அப்பா தம்ளரை முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரெண்டும் ஒரே துவர்ப்புதான். அங்க தோலைப் பிடிக்குது, இங்க கறியைப் பிடிக்குது. அதான் கறி கேக்குது" என்று தன் கையாலேயே இவருக்கு ஊற்றினார். "இன்னும் கொஞ்சம் குடிங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்றார்!

அடுத்த தடவை அம்மாவும் வருவாளா என்று கேட்க வாய் வரவில்லை. காலையில் கேட்கலாம். கூடத்தில் இரண்டு பேரும் குறட்டை விடுகிறார்கள். புட்டியில் ஒரு வாய் மிச்சம் இருக்கிறது. அது எனக்கு.