ஆசைப் பக்கம் வைத்த ஆரஞ்சுச் சட்டை

பாப்பாவின் அய்யாவுக்கு,

பாம்பனில் காலையிலேயே புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். யாரும் கடலுக்குப் போகக்கூடாதென்று ஒரு ஆட்டோ மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனது. வாடைக்காற்று தொடங்கி வீடெல்லாம் ஈரம். இப்படி ஈரம் ஏறினால் நம் கட்டிலுக்கு அடியிலிருந்து டீசலும் உப்பும் கலந்த நெடி கிளம்பும். உங்கள் லைஃப் ஜாக்கெட்டின் நெடி. பாப்பா அதை ஆரஞ்சுச் சட்டை என்பாளே, அதுதான். பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா பையை இறக்கும் முன்பே, "அம்மா, டீச்சர் இன்னைக்குத் தேவை, ஆசைன்னு பாடம் நடத்துனாக. எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே! நாளைக்கு வீட்டுலருந்து தேவையான சாமான் ஒண்ணு கொண்டாரணும்" என்றாள். என் கண் கட்டிலுக்கு அடியில் போனது.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நீங்கள்தானே. கோயில் வாசல் கடைகளில் கண்டதையெல்லாம் கேட்டு அவள் தரையில் புரண்டு அழுத நாளில் தொடங்கினீர்கள். பிள்ளையை அடிக்க உங்களுக்குக் கை வராது. மீன்பிடிக்கப் போகும் வல்லத்துக்குச் சாமான் எடுத்துவைக்கும்போது அவளை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவீர்கள். "இது இல்லாட்டி அய்யா திரும்பி வர முடியுமா, முடியாதா?" முடியாதென்றால் தேவை, இந்தப் பக்கம். முடியுமென்றால் ஆசை, அந்தப் பக்கம். தண்ணீர்க் கேன் தேவை. டார்ச் தேவை. பக்கோடாப் பொட்டலம் ஆசை. அதை அவளே தின்றுவிடுவாள். வெற்றிலைப் பையை மட்டும் யார் என்ன சொன்னாலும் தேவைப் பக்கம் வைத்துக்கொள்வீர்கள். "இது இல்லாட்டி அய்யாவுக்கு வழியே தெரியாது தாயி" என்று கண்ணடிப்பீர்கள். "நல்லா இருக்கு உங்க பாடம்" என்பேன் நான், அடுப்படியிலிருந்து.

ஆனால் பாடம் ஏறத்தான் செய்தது. அடுத்த திருவிழாவில் பலூன்காரரைப் பார்த்து, "ஆசைதான், வேணாம்" என்று அவளே சொன்னாள். அதை நீங்கள் கரையெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள்.

நீங்கள் கடலுக்குப் போன அந்தக் கடைசி நாள் மத்தியானம் கூண்டு எதுவும் ஏற்றவில்லை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஒரு ஓலைகூட அசையவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக ஆரஞ்சுச் சட்டையைத் தூக்கிக் காட்டினீர்கள். பாப்பா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க இதப் போடவே மாட்டீகள்ல? போடாமத்தான தெனமும் திரும்பி வாரீக. அப்ப இது ஆசை."

"என் ராசாத்தி! எப்படிச் சொன்னா பாரு!" என்று கைதட்டினீர்கள்.

"அத எடுத்துத் தேவைப் பக்கம் வைங்க" என்றேன்.

"பிள்ளை சரியாச் சொன்னத நானே மாத்துனா, அது எங்கிட்டுப் படிக்கும்?" என்று சிரித்தபடி உங்கள் கையாலேயே அதை எடுத்துக் கட்டில்மேல் போட்டீர்கள். வெற்றிலைப் பை போனது. சட்டை வீட்டில் தங்கியது.

போன பிறகு காற்று திரும்பியது. உங்களோடு போன உங்கள் அண்ணனை மறுநாள் வேறு படகுக்காரர்கள் உயிரோடு தூக்கி வந்தார்கள். அவர் தன் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டிருந்தார். வல்லமும் கிடைத்தது. நீங்கள் கிடைக்கவில்லை.

உங்களை நினைத்து அழும்போதே திட்டவும் செய்கிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. மறந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவள் பள்ளிக்கூடப் பையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். உடைந்த பென்சில், காலி பாட்டில், வெயில் காலத்திலும் குடை. ஒன்றையும் வெளியே எடுக்க விடமாட்டாள். "எல்லாம் தேவைதான்" என்பாள். ஏன் என்று நான் கேட்டதேயில்லை.

இன்று அடுப்படியில் நிற்கும்போது அந்த நெடி திடீரென்று பக்கத்தில் வந்தது. திரும்பினேன். பாப்பா உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது.

"இதத்தான் நாளைக்குக் கொண்டுபோகப் போறேன்" என்றாள். பிறகு, "நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "நீ பாத்ததச் சொன்ன தாயி. அம்புட்டுதான். அத எடுத்து வெளிய போட்டது அய்யா கை. ஒன் கை இல்ல."

"அப்ப அய்யாதான் தப்பா?"

"ஆமா. அய்யாதான் தப்பு."

உங்களை விட்டுக்கொடுத்துவிட்டேன். இதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். அவள் உங்களைக் குறையில்லாத மனிதராக நினைக்கவேண்டும் என்பது என் ஆசை. அவள் பயமில்லாமல் தூங்கவேண்டும், அது தேவை. நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்குத்தான் இது.

நான் சொன்னதை நம்பினாளா என்று தெரியவில்லை. சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அதோடேயே படுத்துத் தூங்கிவிட்டாள். வெளியே காற்று கூடிக்கொண்டே போகிறது. பிள்ளைக்கு மூச்சு முட்டுமே என்று சட்டையின் கொக்கியை விடுவித்துவிட்டேன். கண் திறக்காமலே அவள் கை வந்து அதைத் தேடி மறுபடியும் மாட்டுகிறது.