வெள்ளரிப் பிஞ்சும் உங்கள் அம்மாவின் பக்குவமும்

இருபத்திரண்டு வருஷம் பேர் சொல்லிக் கூப்பிடாமலே குடும்பம் நடத்திய என் அன்பானவருக்கு,

நீங்கள் போய் எட்டு மாசம் ஆகிறது. ஊர் பார்க்க அழுதேன், பார்க்காதபோதும் அழுதேன். இப்போது கோபத்தில் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

போன வாரம் நீங்கள் வேலை பார்த்த கிளப்பிலிருந்து கிளார்க் நாயர் நம் கரமனை வீட்டுக்கு வந்தார். கிளப்பில் மிச்சமிருந்த கடைசித் துரை, அந்த செகரட்டரி, சீமைக்கே திரும்பிப் போகிறாராம். சனிக்கிழமை விருந்து. அன்றைக்கு நீங்கள் கலக்கிக் கொடுத்த வெள்ளரிக்காய் டெக்கீலா இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாம்.

"அக்கா, சார் எங்கெயாவது எழுதி வச்சிட்டுண்டா? நாங்க செஞ்சா ஒரே கய்ப்பு. பின்னெ சாலைக் கடைத்தெருவில கணிவெள்ளரி வாங்கி அரைச்சு நோக்கினோம். கூட்டான் கறி மாதிரி ஆயிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷுக் கணிக்கு வைக்கிற மஞ்சள் வெள்ளரியைப் போய் யாராவது குடிப்பதற்கு அரைப்பார்களா? "அவருக்கே தெரியாது, எங்கே எழுதி வைப்பார்?" என்றேன்.

"அதெப்படி அக்கா? அம்மை படிப்பிச்ச பக்குவம்னு சார் எப்பவும் சொல்லுமே."

அம்மையா? உங்கள் அம்மாவா? வெள்ளரிக்காய் சீதளம், பந்தலையே பிடுங்கிப் போடு என்று என்னைக் கரித்துக் கொட்டின மகராசியா?

கப்பல் இன்ஜினியர் ஒருவர் கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போன டெக்கீலா பெட்டி யாரும் தொடாமல் கிடந்தது. நம் வேலி ஆனைக்கற்றாழை மாதிரி ஒரு செடியில் வடிப்பதாம் என்று ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நீங்கள் முழித்தீர்கள். "சூட்டுச் சரக்கு, குளிர்ச்சியாக ஏதாவது சேருங்கள்" என்றது யார்? சித்திரை வெயிலில் கொல்லையில் பிஞ்சு பறித்து, காம்புப் பக்கம் நறுக்கி, உப்புத் தொட்டுத் தேய்த்து, கசப்பை நுரையாக இறக்கி, அம்மியில் அரைத்துத் துணியில் பிழிந்து, எலுமிச்சையும் கீறிய பச்சை மிளகாயும் போட்டுக் கூஜாவில் கொடுத்தது யார்? சைக்கிளில் கொண்டுபோய் ஐஸைப் போட்டுச் சரக்கை ஊற்றினீர்கள், அவ்வளவுதான். பெண்டாட்டி கைவேலை என்று சொன்னால் உங்கள் மீசை இறங்கிவிடுமோ?

நாயரிடம் பக்குவத்தைச் சொல்லவில்லை. நானே வந்து செய்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை கிளப்பில் காவல்காரன் சமையற்கட்டுக்குப் பின்வாசல் வழியைக் காட்டினான். நான் கூஜாவோடு முன்வாசல் வழியாகவே போனேன். தாலி அறுத்தவள் விருந்துக்கு முன்னால் வருகிறாளே என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும் என்று கலக்கிக் கொடுத்தேன்.

துரை ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். இங்கிலீஷில் என்னமோ சொன்னார். நாயர் குழைந்துகொண்டு, "மாமியார் நல்லா படிப்பிச்சிருக்காங்கன்னு சொல்றார் அக்கா" என்றார்.

"அந்த அம்மாளுக்கு வெள்ளரிக்காயே ஆகாது. இது என் பக்குவம். தினம் கூஜாவில் பிழிந்து அனுப்பினது நான். ஒரு வார்த்தை விடாமல் சொல்லும்" என்றேன்.

நாயர் அப்படியே சொன்னார். மற்றவர்கள் தலை குனிந்து கிளாஸைப் பார்த்தார்கள். துரை எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நீங்கள் ஒருநாள் செய்திருக்க வேண்டியது அது.

பிறகு சமையற்கட்டில் நின்று நானும் ஒரு கிளாஸ் குடித்தேன். தொண்டையில் எரிந்தது, அப்புறம் குளிர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. இத்தனை கோடையில் ஒருநாளாவது, நீயும் ஒரு வாய் குடித்துப் பாரேன் என்று கேட்டீர்களா? அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஆவணியில் உங்கள் தலைத்திவசம். ஒரு குறையும் வைக்கமாட்டேன். உங்களுக்குப் பிடித்த வெள்ளரிக்காய்ப் பச்சடி இலையில் கட்டாயம் இருக்கும். காம்பை மட்டும் தேய்க்கப் போவதில்லை. தின்று பாருங்கள், இத்தனை நாள் யார் கை என்று தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் அம்மா இல்லை, உங்கள் பெண்டாட்டி
பகவதி