ஆடியில் திறக்காத டப்பா

அன்பு ரோஸி அக்காவுக்கு,

உன் பிளாக் கரன்ட் செடி நாலாவது இலை விட்டிருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மற்றவர்கள், "ஐஸ்கிரீம்ல வருமே, அதுவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புதுத் தையல் மிஷினைப் பழகிவர நம் ஷூ கம்பெனி உன்னை ஜெர்மனிக்கு அனுப்பியபோது, லைனில் எல்லோரும் சாக்லேட்தான் கேட்டோம். நீ தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் காய்த்த இந்தப் பழத்தின் விதைகளையும் கொண்டுவந்தாய். ஷூ பெட்டிக்குள் நாம் போடுவோமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதில் ஒன்றையும் கூட வைத்துச் சுற்றியிருந்தாய். உன் வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேர். அதனால் டிபன் டப்பாவில் ஈர மணலைப் போட்டு விதைத்து, என் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுத்தாய்.

"இதுக்குப் பனிக்காலம் காட்டணும்டி கலா, அப்பதான் முளைக்கும். மூணு மாசம் தொடாத. அப்பறம் ரெண்டு பேரும் சேர்ந்து தொறக்கலாம்."

"மாவு வைக்கவே எடமில்ல, மண்ணுக்கு இன்னா ஃபிரிட்ஜு?" என்று என் மாமியார் தினமும் பாட்டுப் பாடினார். இரண்டாம் மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டாய். அதற்குப் பிறகு மாமியார் அந்த டப்பாவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆடியோடு மூன்று மாதம் முடிந்தது. நான் திறக்கவில்லை. சேர்ந்து திறக்கலாம் என்றாயே! ஐப்பசியில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவத்தியோடு வரும்போது, நானும் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து திறப்பது என்று வைத்திருந்தேன். அப்படியேதான் செய்தேன்.

உள்ளே எல்லாம் எப்போதோ முளைத்துவிட்டிருந்தன, அக்கா. மூடியில் முட்டி, வெளுத்து, அழுகிக் கிடந்தன. உன் பேச்சைக் காப்பாற்றுகிறேன் என்று உன் செடிகளைச் சாகடித்துவிட்டேன். பூ வைக்க வந்தவர்கள், நான் உனக்காக மட்டும்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஒன்றே ஒன்றில் கொஞ்சம் பச்சை இருந்தது.

அதுதான் இது. மாசி முடியப்போகிறது. ஆம்பூர் வெயில் உனக்குத் தெரியாததா? ஏலகிரியில் இருக்கும் உன் தங்கை, "இங்க கொண்டாந்துடு கலா, மலைல கொஞ்சம் குளிரு ஜாஸ்தி" என்கிறாள். அங்கேயாவது பிழைக்குமா? யாருக்குத் தெரியும்?

கொடுக்க மனசு வரவில்லை. உன் கையால் விதைத்ததில் எனக்கு மிச்சம் இது ஒன்றுதானே. ஆனியில் உன் முதல் நினைவுநாள் வருகிறது, அன்றைக்கு உன்னிடம் காட்டிவிட்டு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அக்னி நட்சத்திரமே வந்து போய்விடும்.

வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுபோய்விடுகிறேன். இந்தத் தடவை உனக்காகக் காத்திருக்க மாட்டேன், அக்கா.

கூடப் பிறக்காத உன் தங்கை,
கலா