மேலே இருக்கும் அட்டையையே எடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அங்கே குளிருக்கும் வேலைக்கும் நடுவில் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுதவேண்டும், வழக்கம் அதுதான், ஆனால் அதை எழுதிவிட்டால் மீதியை எழுத முடியாது என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். என் கையெழுத்து மறுநாள் எனக்கே புரியாது, அது உனக்குத் தெரியும். நான் பேசுகிற மாதிரியே எழுதுடி என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள், கடிதம் என்றால் கடிதம் மாதிரி இருக்கவேண்டுமாம், நூலகத்தில் பாதி அலமாரியைத் தின்று தீர்த்த மேதாவி. (அக்கா, நான்தான். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என்னுடையது. அளவோடு எழுதிக்கொள் என்று அம்மா அனுமதி கொடுத்திருக்கிறார்.) போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ பதறுவாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. நீ அனுப்புகிற செய்திகளை அவர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வானொலியில் வாசிப்பவர் மாதிரி எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். இதைச் சொல்லி முடிக்க அவர் குளிக்கிற நேரம் போதாது. அதனால் தங்கை பள்ளிக்குப் போகிற வழியில் விரைவுத் தபாலில் போட்டுவிடுவாள்.

எனக்கு வேலை எப்போதும்போலத்தான். ஹோட்டல் சலவைக்கூடத்தில் புதிதாக ஒரு பெரிய இஸ்திரி இயந்திரம் வந்திருக்கிறது, படுக்கை விரிப்பை ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வந்து விழுகிறது, சூடு மட்டும் முகத்தில் அறைகிறது. தங்கைக்கு அடுத்த மாதம் தேர்வு, படிக்கிறாள், கணக்குப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்துப் படிக்கிறாள். (ஒரே ஒரு முறை, அக்கா.) கீழ்வீட்டு வாண்டு, நம் பட்டாசு, மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. முன்பல் இரண்டும் விழுந்தும் அதன் வாய் மட்டும் குறையவில்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவதற்குள் மாடி ஏறி வந்து நம் கேள்வி விளையாட்டுப் பலகையை விரித்து வைத்துவிடுகிறது. அப்பாவோடு வேலை பார்க்கும் லைன்மேன் நெட்டை சித்தப்பாவும் வந்துவிடுவார், வந்துகொண்டிருந்தார் என்று எழுதவேண்டும், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ கிளம்பிய அன்று அப்பா கேள்வி அட்டைப் பெட்டியை உன் பைக்குள் திணித்தாரே, பலகையும் காயும் எங்ககிட்ட, கேள்வி உன்கிட்ட, இனி ஞாயித்துக்கிழமை போன் பண்ணாம நீ எப்படித் தப்பிக்கிறேன்னு பாக்குறேன் என்று சிரித்தாரே, அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எந்த வீட்டிலும் இப்படி ஒரு விளையாட்டைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு நாட்டில் வைத்திருக்கமாட்டார்கள். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, நீ அங்கிருந்து அட்டையை எடுத்துக் கேட்க, இங்கே எட்டு வயதுப் பட்டாசிலிருந்து அப்பா வரைக்கும் பகடை உருட்டிச் சண்டை போடுவதைக் கேட்டால் தெருவில் போகிறவர்கள் கல்யாண வீடு என்று நினைப்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் நாம் எல்லோரும் ஏமாந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு ஞாயிறு, நீ அப்பாவிடம் ஒரு நாட்டின் தலைநகரம் கேட்டாய். சுவரில் உலகப் படத்தை ஒட்டி உனக்கு அவர் முதலில் காட்டிய நாடு அது. நாக்கு நுனியில நிக்குது, இரு இரு என்றார். மணல் கடிகாரம் கொட்டித் தீர்ந்தது. பட்டாசு விடையைக் கத்தியது. அப்பா தன் காயைப் பலகையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார், அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. அடுத்த வாரம் அவர் குளிக்கப் போயிருந்தபோது நீ என்னிடம், அம்மா, இனி அப்பா முறை வந்தா அவருக்குத் தெரிஞ்சதாப் பாத்து எடுத்துக் கேக்குறேன், அவரு ஜெயிச்சா நமக்கு என்ன குறைஞ்சு போயிடும் என்றாய். நான் நல்லதுடி கண்ணு என்றேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ கேட்டாய், நான் சரி என்றேன், தங்கையும் தலையாட்டினாள். அவர் மறுபடி சிரித்ததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. வரிசையாக ஜெயித்தார். ஜெயித்த மிதப்பில் திங்கள் காலை சீட்டியடித்துக்கொண்டே ஷூவுக்குப் பாலிஷ் போடுவார்.

ஒரு ஞாயிறு பட்டாசு சட்டென்று, மாமாவுக்கு மட்டும் எப்பவும் போன வாரக் கேள்வியே வருதே, இது அழுகுணி ஆட்டம் என்றது. நீ அந்தப் பக்கம் இருமினாய். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிடிபட்டவர் முகமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படியா, போன வாரமும் இதைக் கேட்டாங்களா என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். நீ நல்ல எண்ணத்தில் திரும்பக் கேட்ட கேள்வி அவருக்குப் புதுக் கேள்வி. பல் விழுந்த பிள்ளைக்கு நினைவிருந்தது, அவருக்கு இல்லை. அன்றிலிருந்து நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கத் தொடங்கினேன். வார விடுமுறையில் சீருடை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தார், அவசரமாக் கூப்பிட்டாங்க என்றார், யாரும் கூப்பிடவில்லை. டீ குடித்த தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு இன்னும் டீ தரலையா என்று கேட்டார். டாக்டரிடம் போகலாம் என்று மெதுவாகத்தான் சொன்னேன். நான் என்ன மறதிக்காரனா, போன ஞாயிறு யாரு ஜெயிச்சது, அதுக்கு முந்தின ஞாயிறு யாரு ஜெயிச்சது, உன் பெரிய பொண்ணையே கேளு என்றார். நாம் ஊட்டி வளர்த்த பதில் அது.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி. அப்பாவின் சப்ஸ்டேஷன் வேலை உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், நெட்டை எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன் அப்பா அந்த லைனின் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் சிவப்புப் பலகையை மாட்டவேண்டும். ஏறினவன் இறங்கி, தானே நேரில் வந்து, வேலை முடிஞ்சுது அண்ணே என்று சொன்ன பிறகுதான் பலகையைக் கழற்றி மின்சாரம் விடவேண்டும். அப்பா இத்தனை வருஷத்தில் இதில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. சென்ற மாதம் ஒரு நாள் நெட்டை கம்பத்தின் மேலே இருந்தான். கரண்ட் இல்லையென்று யாரோ சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்து கத்தியிருக்கிறார்கள். அப்பா போய்ப் பார்த்தால் சிவப்புப் பலகை தொங்குகிறது, ஏன் தொங்குகிறது என்று அவருக்கு நினைவு வந்திருக்காது. நேற்றுக் கழற்ற மறந்ததாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பார். பக்கத்து அறையில் ஆள் இருந்தும் கேட்கவில்லை, கேட்டால் மறந்தது வெளியே தெரிந்துவிடும் அல்லவா. பலகையைக் கழற்றி லைனைப் போட்டுவிட்டார். நெட்டை கம்பியில் கை வைக்கக் குனிகிற நேரத்தில் கீழே முடிதிருத்தும் கடையில் டியூப்லைட் எரிந்தது. அதைப் பார்த்ததால் கையை இழுத்துக்கொண்டான். இறங்கி வந்தவன் சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டானாம், கடைக்காரர்தான் தண்ணீர் கொடுத்தாராம்.

பிறகு அப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறான். நீதானடா வந்து இறங்கிட்டேன்னு சொன்னே, இங்கதானே நின்னே என்றாராம். அவரு பொய் சொல்லலை அண்ணி, அவருக்கு நான் அங்க நின்னது கண்ணுல தெரியுது, அதுதான் எனக்குப் பயமா இருக்கு என்று சலவைக்கூட வாசலில் நின்றுகொண்டு அழுதான். நம் வீட்டுக் கதவு நிலையில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டு, என்னை வரவேற்கிறதே இந்த நிலைதான் என்று சிரிக்கிற ஆள். அண்ணன் எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு, அவரு மேல புகார் எழுத என் கை வரலை, ஆனா எனக்கும் வீட்ல ரெண்டு இருக்கு, என்கூட ஏறுறவனுங்க வீட்லயும் இருக்கு என்றான். இப்போது அப்பா ஷிப்டில் யார் ஏறினாலும் நெட்டை தன் வேலையை விட்டுவிட்டு வந்து அந்தச் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்கிறான், ஓய்வு நாளிலும் வந்து நிற்கிறான். வெட்டியா நிக்கிறான், வேலை செய்யச் சோம்பல் என்று அப்பாவே மேலதிகாரியிடம் அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏன் நெட்டை வருவதில்லை என்று நீ இரண்டு வாரமாகக் கேட்கிறாய், நான் அவன் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன்.

அப்பாவே போய், எனக்கு உடம்பு சரியில்லை, பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று கேட்டால் சாமான் கிடங்கில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றிவிடுவார்களாம், மருந்தும் பார்க்கலாம், மானத்தோடு ஓய்வு பெறலாம். நெட்டை எழுதிக் கொடுத்தால் அது விசாரணை, குற்றம், கேவலம். இரண்டும் நடக்காமல் போனால் ஒரு நாள் ஒருவன் கம்பத்திலேயே தொங்குவான். நான் அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். நெட்டைக்குக் கிறுக்கு, உனக்கும் சேர்ந்து பிடிச்சுருக்கு என்கிறார். (அக்கா, நானும் முயன்றேன். என் பாடப்புத்தகத்திலிருந்து பேச்சுவாக்கில் கேட்பதுபோல் மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் பதில் வரவில்லை. அப்பா என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் புத்தகத்துல எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டிருக்கான், நான் அக்கா கேக்குறதுக்குப் பதில் சொல்றேனா இல்லையா, அதைப் பாரு என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அவர் நம்புகிற ஒரே பரீட்சை நீ நடத்துவதுதான். உன் அட்டைகளை இங்கே யாரும் தொட முடியாது என்பதால் அவை மட்டும் நேர்மையானவை என்று நினைக்கிறார்.)

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ பொறுக்கி எடுக்காதே. கட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு மேலே இருக்கும் அட்டையையே எடு. அதில் என்ன இருக்கிறதோ அதைக் கேள், அவருக்கும் பட்டாசுக்கும் எனக்கும் ஒரே மாதிரி கேள். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அப்பாவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கச் சொல்கிறாளே இவளும் ஒரு தாயா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உனக்கு ஏழு வயதில் நீ தோற்றுத் தோற்று அழுதபோது, பாவம் சின்னப் பிள்ளைக்குச் சுலபமாகக் கேளுங்கள் என்று நான் சொன்னதற்கு அவர், சுலபமாக் கேட்டா உன்னால முடியாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம், என் பொண்ணை நான் அப்படி நடத்தமாட்டேன் என்றார். அவரை நாம் அப்படி நடத்திவிட்டோம். பட்டாசை அன்றைக்கு அதன் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன், வேண்டாம், அது இல்லாவிட்டால் அவர் சந்தேகப்படுவார். நெட்டையும் வருகிறேன் என்றிருக்கிறான். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆட்டம் முடிந்த பிறகு உண்மையை நீதான் சொல்லவேண்டும், இத்தனை நாள் நான்தான் தேர்ந்தெடுத்துக் கேட்டேன் அப்பா என்று உன் வாயால் சொல்லவேண்டும். மற்றவர் சொன்னால் பொறாமை என்பார். அதற்குப் பிறகு அவர் என்னை அடித்தாலும் சரி, அழுதாலும் சரி, மறுநாள் காலை அவரை டாக்டரிடம் கூட்டிப்போவது என் பொறுப்பு.

(அக்கா, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். அம்மா கையிலிருந்த துணியை விட்டுவிட்டு எழுந்து நின்றார். யாருக்குக் கடிதம் என்று அப்பா கேட்டார், அக்காவுக்கு என்றேன். இந்தக் காலத்துல கடிதமா, சபாஷ் என்று என் தலையைத் தடவினார். தாளைப் பார்க்கவில்லை. நான் போன வாரமும் ஜெயிச்சேன்னு ஒரு வரி சேர்த்துக்கோ, அவ மறந்திருப்பா என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். நான் அம்மாவைப் பார்த்தேன். எழுது என்றார். எழுதுகிறேன்: அப்பா போன வாரமும் ஜெயித்தார்.)

கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு, கதகதப்பாக உடுத்து, எங்கே இருந்தாலும் நல்லபடியாக, நாலு பேருக்கு நல்லவளாக இரு, உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் இந்த அம்மாவின் வேண்டுதல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முதல் கேள்விக்கே அவர் சரியான பதில் சொல்லிவிடக்கூடும். சொல்லிவிட்டால் சந்தோஷப்பட்டு அதோடு நிறுத்திவிடாதே. அடுத்த அட்டையை எடு.

என்றும் உன் நினைவாக,
அம்மா
(கையெழுத்து மட்டும் தங்கையுடையது)