அப்பாவின் முகத்துக்கு வெளிச்சம்

பிரெடெரிசியா
20.09.1992

அன்பு மகள் றொஷானிக்கு,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகம், மீன் ஃபக்டரிக் குளிரில் அப்பாவின் முழங்கால்தான் நோகிறது, நீயும் சுகமாயிருக்க மன்றாடிக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. அடுத்த வருசம் ஆட்டக் குழுவோடு டென்மார்க்குக்கு வரச்சொல்லிக் கேட்கிறார்கள், என்னை வேண்டாமென்ற நாட்டில் கால் வைக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்த அப்பா தேத்தண்ணியை அப்படியே ஆறவிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மேடைக்கு லைற் போடுகிற உன் வேலையை இங்கே விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. டெனிஷில் வெளிச்சத்துக்கு லூஸ் என்பார்கள், மெழுகுதிரிக்கும் அதே லூஸ்தான். மொழி வகுப்பில் என் மகள் லூஸ் செய்கிறாள் என்றேன், ரீச்சர் நீ மெழுகுதிரி வார்க்கிறாய் என்று நினைத்து மெழுகு உருக்குகிற சட்டியொன்றை உனக்கு அனுப்பச்சொல்லித் தந்துவிட்டா. பக்கத்து வீட்டு யோகமலரிடம் சொன்னால், ஐயோ பிள்ளைக்கு லூசா என்று பதறுகிறா. சட்டியில் இப்போது வெங்காயம் கிடக்கிறது.

போன சனிக்கிழமை உனக்கு லைற் வேலை பழக்கிய ஜோய்ஸ் அன்ரியைப் பார்க்க ரெயினோடு கப்பலேறிக் கோப்பன்ஹேகன் நடன விழாவுக்குப் போனோம். நீ முதலில் எழுதியபோது எங்கள் ஆட்களில் இது எந்த அன்ரி என்று முழித்தேன், ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளும் மூத்த பெண்களை அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பிறகுதான் தெரியும். மனிசி ஏணி உச்சியில் நின்று விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தா. நாடகக் கொட்டகையில் வயர் சுற்றத் தொடங்கி, நாடகம், நடனம், ஊரூராய் விழா என்று இருபது வருசமாம். அந்த நாளில் வெள்ளை முகத்துக்கு வைத்த விளக்கில் தன் சனங்களின் முகம் இருட்டிப்போகுமாம், அந்தக் கோபத்தில்தான் இந்தத் தொழிலைப் பிடித்தேன் என்றா. அப்பாவின் ஓட்டை இங்கிலீசுக்கு அவ்வளவும் விளங்கியது.

பிறகு அப்பாவை மேடையில் நிற்கச் சொன்னா. பக்கத்திலிருந்து மஞ்சளாய் ஒரு வெளிச்சம் வந்தது, அவருடைய கன்னத்துத் தழும்புகூடத் தெரிந்தது. இது உங்கள் மகள் வைக்கிற வெளிச்சம், ஆட்டக்காரர் வருமுன் வெறும் மேடையில் தன் அப்பா நிற்கிறார் என்று நினைத்துத்தான் அளவு பார்ப்பாள் என்றா. அப்பா அழுதுவிட்டார் மகள், நானும்தான்.

எண்பத்தைந்தில் அப்பா இங்கே வர வெளிக்கிட்ட அன்று, கட்டுநாயக்கா எயாப்போட்டில் அவருக்குக் கைகாட்டியபோது உனக்குப் பதினைந்து. எங்களைக் கூப்பிட அவர் போட்ட கடதாசிகளை டெனிஷ் அரசாங்கம் பிடித்து வைத்திருந்த காலத்தில் உனக்குப் பதினெட்டும் முடிந்தது, இனிப் பிள்ளையென்று எடுக்க ஏலாது என்றார்கள். நான் மட்டும் வந்தேன், நீ சித்தியிடம் சிட்னிக்குப் போனாய். ஏன் பிடித்து வைத்தார்கள் என்று இப்போது விசாரணை, ரிவியைப் போட்டால் தமிழ் வழக்கு, தமிழ் வழக்கு. உன் கோபம் பிழையென்று சொல்லமாட்டேன், எனக்கும் அது ஆறவில்லை. ஆனாலும் வா. மகளாக விடாதவர்கள் லூஸ்காரியாக வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அப்படியாவது வா.

ஏணியில் ஏறுமுன் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டு, பூசையை விடாதே. ஆண்டவர் உன் கையையும் காலையும் காப்பாராக. இன்னொன்று, மறந்துவிடாதே. நீ அளவு பார்க்கிற அப்பாவுக்குத் தலை கறுப்பு. இங்கே இருப்பவருக்கு முழுக்க வெள்ளை. நீ வந்தால் பூச என்று மை வாங்கி வைத்திருக்கிறார், நான் விடமாட்டேன். வந்து அளவைத் திருத்து.

என்றும் உன் அம்மா,
அ. லூர்தம்மா