தண்டநாயகர் அகப்பை பிடித்த வரலாறு

வெயிலும் மழையும் வாயிலில் நின்று விடைபெற்றே உள்நுழையும் வெண்கோட்டு நாட்டின் வேந்தர் பெருமான் இளங்கோவேள் திருவாணையால், ஓய்வு பெற்றும் ஓயாத பழைய பெருமந்திரி அவியன் தேவனார் வரைந்து, குன்றூர்க் கூற்றத்து அதிபதி சாத்தன் கண்டனாருக்கு விடுக்கும் ஓலை. உம் குளங்கள் நிரம்புக. உம் குதிரைகள் கொழுக்க. உம் காவலர் பகலிலேனும் விழித்திருக்க.

முதற்கண் அறிக. எழுபதினாயிரம் வாள்வீரர் கொண்டதும், எழுந்து நின்றால் மலை மறைவதும், ஒருசேரத் தும்மினால் ஆறு திசைமாறுவதுமாகிய தென்கரைக் கூட்டத்தை, தேவனார் ஒரே ஓர் அகப்பையால் வென்றார். அதைப் பிடித்த கை, யானைகள் கண்டு வழிவிடும் நம் படைத்தலைவராகிய தண்டநாயகர் வல்வில் ஏறனாரின் கை.

உம் கூற்றத்துக் காட்டுக் கலகக்காரரை நாட்டுப்பகை என்று முரசறைய நீர் அனுப்பிய வரைவு, திருமுன் படிக்கப்பட்டது. அதில், அவர்களுக்கு விரும்பியோ விரும்பாமலோ சோறிட்ட ஊரார் அனைவரும் அக்கூட்டத்தாரே என்றொரு வரி கண்டோம். அதே வரியை முன்பு ஏறனாரும் எழுதினார். ஆகவே இவ்வரலாறு.

தென்கரையில் பிறந்தோரே மனிதர், ஏனையோர் ஆற்றோடு போகத்தக்கோர் என்பது அக்கூட்டத்தின் கொள்கை. அதன்பொருட்டுத் தோணிகளை எரித்தனர், ஓடக்காரரை வெட்டினர். அவர்கள் அவ்வப்போது வந்து உண்டு செல்லும் காரித்துறை என்னும் ஊரையும் சேர்த்தே முரசறைய வேண்டுமென்று ஏறனார் நின்றார். அறைந்தால் அவ்வூருக்கு எவரும் உப்பும் தரலாகாது, நெருப்பும் தரலாகாது; குழந்தைகளோடு ஊரே காடு புக வேண்டும்.

ஆனால் நம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எவ்வூரைப் பகையென்று அறையக் கேட்கிறாரோ, அவ்வூரில் அவர் ஆயுதமின்றி ஒருவேளை உண்ட பின்னரே முரசில் கோல் படும். உடன் ஒரு மந்திரி சான்றாக உண்ண வேண்டும். இப்பெருந்தியாகத்துக்குத் தேவனார் தாமே முன்வந்தார்.

நண்பகலில், வாளைத் தோணியிலும் படையை அக்கரையிலும் விட்டு, வெற்றுடம்போடு ஏறனார் பந்தியில் அமர்ந்தார். முதற்கவளம் வாய்க்குப் போகுமுன் கூட்டத்தார் வாளோடு உள்ளே புகுந்தனர். அவர்கள் தலைவன் ஏறனாரின் மார்புத் தழும்புகளை உற்று நோக்கினான். தண்டநாயகரின் கை இடையில் இல்லாத வாளைத் தேடியது.

“யாரு இவன், புது ஆளா இருக்கான்?”

சோறிட்டுக்கொண்டிருந்த ஓடக்காரி காரிநங்கை திரும்பியும் பாராமல் சொன்னாள்: “எங்க நாத்தனார் மருமவன். மாடு முட்டி முட்டி நெஞ்செல்லாம் தழும்பு. புத்தியும் கொஞ்சம் மந்தம்.” பிறகு ஏறனாரை நோக்கி, “ஏய்யா, மசமசன்னு உக்காந்திருக்கியே, வந்தவுக பசியோட நிக்கிறாக. அகப்பையை எடு!”

ஏறனார் எடுத்தார். பரிமாறினார். அகப்பை பழகாத கையிலிருந்து சோறு இலைக்கு வெளியே விழுந்தது. “மந்தம்னு சொன்னேன்ல?” என்றாள் அவள். வாள்காரர் சிரித்துவிட்டு உண்டனர். அதே பந்தியில் தேவனார், சான்று குறைவுபடக் கூடாதென்று, மூன்றாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார்.

அவர்கள் போனபின் காரிநங்கை கைகூப்பி, “தப்பா நினைக்காதீக ஐயா. நாங்க தினம் இப்படித்தான் போடுறோம்,” என்றாள்.

மறுநாள் அவையில் வரைவு படிக்கப்பட்டது. விரும்பியோ விரும்பாமலோ என்ற இடம் வந்ததும் ஏறனார் எழுந்து, அவ்வரியை அடித்துவிடலாம் என்றார். காரணம் வினவிய வேந்தரிடம், தமக்குத் தொண்டை கட்டிவிட்டதாகத் தெரிவித்தார். வாளெடுத்தோரும் தலைவனும் அவர்கள் செய்த கொலைகளும் மட்டும் முரசில் ஏறின. உப்பும் நெருப்பும் மறுக்கப்படுமென்று இனி அஞ்ச வேண்டாத காரித்துறையார், கூட்டம் பதுங்கிய குகையைத் தாமே வந்து காட்டினர். அம்மாதமே அனைவரும் பிடிபட்டனர்.

அன்றுமுதல் தேவனார் இதை ஊர் ஊராகச் சொல்லி வருகிறார். அகப்பையாவது, நாத்தனாராவது, எல்லாம் கிழவரின் கட்டுக்கதை என்று மறுப்பவர் நாட்டில் ஒருவரே. அவர் சான்றெழுத்து இல்லாமல் இவ்வோலையில் இலச்சினை பதியாது என்பது வேந்தர் திருவாக்கு.

ஆகவே ஆணை: ஓலை கண்டவுடன் அவ்வரியை அடிப்பீராக. அடிக்க மனம் இல்லையேல், வாளைத் தோணியில் வைத்துவிட்டு அவ்வூர்களில் ஒருவேளை உண்டு வருவீராக. வெண்கோட்டு இலச்சினை பதிந்தது. முரசு உம் சொல்லுக்குக் காத்திருக்கிறது.

சான்று: கூட்டத்தார் எழுபதினாயிரவர் அல்லர்; ஒரே பந்தியில் அடங்கினர். ஆறு திசைமாறவில்லை. ஏனையது நடந்தது. குழம்பும் நானே ஊற்றினேன். இவை வல்வில் ஏறன் எழுத்து.